ஐம்பத்துநாலு டிகிரியில் பதினான்கு சுருள்கள்

என் கணவரின் அக்காவை ஊரே ‘டிகிரி அக்கா’ என்றுதான் கூப்பிடும். அவர் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அந்தப் பட்டம் எங்கள் ரொட்டிக்கடைக்கு வருகிறவர்கள் சேர்ந்து கொடுத்தது. அடுப்பு சூடாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் போதும், “எத்தனை டிகிரி?” என்று கேட்பார். கேட்டுவிட்டு, அடுப்பு வாய்க்கு நேரே புறங்கையை ஒரு கணம் நீட்டி, தானே எண்ணைச் சொல்லுவார். பிறகு வெப்பமானியைப் பார்த்தால் அதுவும் அதைத்தான் சொல்லும். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த புதிதில், அவர் முதலில் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டுதான் ஏமாற்றுகிறார் என்று நினைத்தேன். ஒரு நாள் அதை ஒளித்து வைத்துச் சோதித்தேன். அன்று நான்தான் அசடு வழிந்தேன்.

நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணிக்கும் ஒரு கல்யாணம் நடந்து, மூன்று வருடத்தில் அது முறிந்துபோனது. திரும்பி வந்த மறுநாளே கவசத்துணியைக் கட்டிக்கொண்டு மாவு பிசைய நின்றுவிட்டாராம். மாமனாருக்குக் கைநடுக்கம் வந்த பிறகு கடை முழுக்க அவர் பொறுப்பு. பொறுப்புக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம், பெரிய அடுப்புக்குப் பின்னால் இருந்த சுவரை இடித்தது.

“சுவத்தை இடிக்கிறது ரொட்டி சுடுறவ செய்யற வேலையா?” என்று மாமனார் கத்தினாராம்.

“இந்தச் சுவரு நாள் பூரா சும்மா கொதிச்சிட்டிருக்குப்பா. அந்தச் சூட்டுக்கு ஒரு வேலை குடுக்கப்போறேன்.”

இடித்த இடத்தில் செங்கல்லால் ஆளுயர அலமாரி ஒன்றைக் கட்டினார். அடுப்பின் வீண் சூடு இரண்டு பொந்துகள் வழியாக அதற்குள் வரும். பொந்துகளுக்கு நகர்த்தக்கூடிய தகரமூடிகள் உண்டு. சூடு மேலும் கீழும் ஒரே அளவாகப் பரவ உள்ளே ஒரு சின்ன மின்விசிறி. மாவுத்தூசியும் வெப்பமும் மோட்டாரைக் கெடுக்கும் என்று, மோட்டாரைச் சுவருக்கு வெளியே வைத்து நீளமான பெல்ட்டால் விசிறியைச் சுழல வைத்தார். கதவில் மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு வெப்பமானிகள். ரஸ்க் காயவைப்பதற்கென்று கட்டிய அலமாரி அது. அதில் காய்ந்த ரஸ்க்கை எந்த மூலையில் கடித்தாலும் ஒரே சத்தம்தான் வரும்.

சத்தம் என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். எங்கள் அடுக்களையில் வானொலிக்கு இடமில்லை. அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி ஆறும்போது அதன் தோல் மெல்ல வெடிக்கும். அந்த வெடிப்பைக் கேட்டுத்தான் அண்ணி உள்ளே வெந்திருக்கிறதா என்று தீர்மானிப்பார். “ரொட்டி பேசிட்டிருக்கு. குறுக்க பேசாதீங்க” என்பார். இதில் மாட்டிக்கொண்டவர் என் கணவர். அக்காவுக்குப் பன்னிரண்டு வயது இளையவர். பதின்வயதிலிருந்தே அவருக்கு ஒரு ராக் குழுவின் மேல் பைத்தியம். எங்கள் தெருவில் அவர்களுக்குப் பெயர் ‘இடிக்குழு’. நான்கு பேர், இரண்டு கிதார், மேடை முழுவதும் டிரம்ஸ், காது பிளக்கும் குரல். உலகம் முழுக்க மைதானங்களை நிரப்பியவர்கள். என் கணவர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு அந்த இடியைக் கேட்டபடியே மாவு பிசைவார். அண்ணி கடந்து போகும்போது அதிலிருந்து கசியும் சத்தத்தைக் கேட்டு, “தகர டப்பாக்குள்ள பூனைய போட்டு உருட்டுறானுங்க” என்பார்.

எதிர்க் கட்டடத்தின் மாடியில் ஒருவர் வாடகைக்கு இருந்தார். பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றிக் கொடுப்பது அவர் தொழில். டேப்காரர் என்று சொல்லுவோம். மாலையில் வந்து இரண்டு பன் வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் போவார். ஒரு நாள் மதியம், நேரம் தவறி வந்தார். எழவு வீட்டிலிருந்து எழுந்து வந்தவர் போல முகம். என்னவென்று கேட்டதற்கு என் கணவரைப் பார்த்துச் சொன்னார்.

“உங்க இடிக்குழுவோட நாடாங்கதான் எங்கிட்ட வந்திருக்கு. இடி இடிக்க ஆரம்பிக்கிறதுக்கு முந்தி உள்ளது.”

என் கணவர் கையிலிருந்த மாவை அப்படியே மேசையில் விட்டார்.

விஷயம் இதுதான். இடிக்குழு இடிக்குழுவாவதற்கு முன்னால், மூன்று வருடம், வேறு மாதிரி வாசித்திருக்கிறார்கள். அப்போது அவர்கள் ஐந்து பேர். ஐந்தாமவர், ஆர்மோனியம் போலக் கட்டைகள் உள்ள ஆர்கன் வாசித்தவர். கனவில் நடப்பது போல நீண்டு போகும், திசைமாறும், மிதக்கும் பாட்டுகள். சைக்கடெலிக் என்று அதற்குப் பெயர். சிறிய இசைத்தட்டுகள் இரண்டு வந்து, யாரும் வாங்காமல், மறைந்து போயின. பிறகு ஆர்கன்காரர் விலகினார், மற்றவர்கள் ஒலியைக் கூட்டினார்கள், உலகம் திரும்பிப் பார்த்தது. இப்போது அந்த ஆரம்ப காலப் பாட்டுகளை எல்லாம் ஒரே தொகுப்பாகக் கொண்டுவரப் போகிறார்கள். மூடிப்போன ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றின் நிலவறையில் பதினைந்து சுருள் நாடா கிடைத்திருக்கிறது. நாற்பத்தெட்டு வருடப் பழசு. வேறு பிரதி கிடையாது.

“அதுல ஒண்ண இன்னைக்குக் காலைல ஓட்டினேன்,” என்றார் டேப்காரர். “கிறீச்னு ஒரு சத்தம். பாத்தா நாடா மேல இருந்த பழுப்புத் தூளு பூரா மெஷின்ல பிசினாட்டம் ஒட்டிக்கிச்சு. பாட்டு இருந்ததே அந்தத் தூள்லதான். போயிடுச்சு. இனி அத யாரும் கேக்க முடியாது.”

 என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணி மட்டும்தான் கேள்வி கேட்டார்.

“ஏன் ஒட்டுது?”

“தூள நாடாவோட சேத்து வெச்சிருக்கற பசை, இத்தனை வருஷமா ஈரத்தக் குடிச்சிருக்குக்கா. அந்த ஈரத்த வெளிய எடுக்கணும். இளஞ்சூட்டுல காயவெச்சா கொஞ்ச நாளைக்கு நல்லா ஓடும். அதுக்குள்ள பிரதி எடுத்துடலாம். எங்கிட்ட இருக்கற சூட்டுப்பெட்டில வெக்கலாம்னு பாத்தா அது திடீர்னு பத்து டிகிரி எகிறுது. அதுல வெச்சா வெந்தே போயிடும். இந்த நாடாவ ஓட்டுற மெஷினும் வாடகைக்கு வந்தது. வர்ற புதன்கிழமை திருப்பிக் குடுக்கணும்.”

“எத்தனை டிகிரி வேணும்?”

“அம்பத்துநாலு. எட்டு மணி நேரம். ரெண்டு டிகிரி முன்ன பின்ன போகலாம்.”

“எனக்கு ஒண்ணு போதும்,” என்றார் அண்ணி. “உள்ள வாங்க. காட்டுறேன்.”

டேப்காரர் அலமாரியை அரைமணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தார். மோட்டாருக்குள் காந்தம் இருக்கும், காந்தம் நாடாவுக்குப் பகை என்று பயந்தவர், மோட்டார் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பதைப் பார்த்ததும் அங்கே கிடந்த மாவுச்சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். “யாரு கட்டினது இது?” என்று கேட்டார். அண்ணி தட்டுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று விரலால் அளந்துகொண்டிருந்தார்.

இரண்டு நாள் ரஸ்க்கை நிறுத்தினோம். சனிக்கிழமை முழுக்க நானும் அண்ணியும் அலமாரியை ஈரத்துணியாலும் பிறகு காய்ந்த துணியாலும் துடைத்தோம். ஒரு மாவுத் துகள் இருக்கக் கூடாது என்று சுவர் இடுக்கில் ஊசியை விட்டுக்கூட நெம்பினார். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை, ஆனாலும் அண்ணி அடுப்பை மூட்டியிருந்தார். காலை ஆறு மணிக்கு டேப்காரர் சுருள்களைக் குழந்தையைத் தூக்கி வருவது போல் ஒவ்வொன்றாக எடுத்து வந்தார். பதின்மூன்றை அடுக்கியதும் தட்டு நிறைந்தது. மீதி ஒன்று, பெட்டியின் மேல் எந்த எழுத்தும் இல்லாதது.

“அது வேணாங்க்கா. வெத்து நாடாவா இருக்கும்.”

“விருந்துக்கு வந்ததுல ஒருத்தர மட்டும் வாசல்ல நிக்க வெப்பாங்களா?” என்று சொல்லி, ரொட்டித் தட்டு ஒன்றைத் துடைத்து மேலே இன்னொரு அடுக்கு போட்டு அதையும் உள்ளே வைத்தார்.

கதவை மூடி, பொந்துகளின் மூடியை நகர்த்தி நகர்த்தி, ஆறே முக்காலுக்கு இரண்டு வெப்பமானியையும் ஐம்பத்துநாலில் நிறுத்தினார். அதற்குப் பிறகு முக்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. நான் கொடுத்த தேநீரைக்கூடக் கதவிலிருந்து கண்ணெடுக்காமல்தான் குடித்தார்.

பத்து நாற்பதுக்கு மின்சாரம் போனது. விசிறி நின்றது. மேல் வெப்பமானி ஏற ஆரம்பித்தது. கீழ் வெப்பமானி இறங்கியது. டேப்காரர் ஓடிப்போய்க் கதவைப் பிடித்தார்.

“கைய எடுங்க,” என்றார் அண்ணி. குரலை உயர்த்தவில்லை. “இப்பத் தொறந்தா வெளிக்காத்து ஈரத்தோட உள்ள போகும். இவ்ளோ நேரம் காஞ்சது வீணாப் போகும்.” சொல்லிக்கொண்டே மேல் பொந்தை இரண்டு விரல்கடை மூடினார். “டேய், அந்தப் பக்கம் போ. மோட்டார்லேர்ந்து பெல்ட்டக் கழட்டிட்டு கையால சுத்து.”

என் கணவர் சுவருக்கு அந்தப் பக்கம் முட்டி போட்டு உட்கார்ந்து பெல்ட்டை இழுத்தார். விசிறி தள்ளாடிச் சுழன்றது. அண்ணி வெப்பமானிகளைப் பார்த்தபடி இந்தப் பக்கமிருந்து, “மெதுவா... இன்னும் கொஞ்சம்... அதே மாதிரி விடாம” என்று சொல்லிக்கொண்டிருந்தார். தாளம் பிசகாமல் இருக்க என் கணவர் இடிக்குழுவின் பாட்டு ஒன்றை முணுமுணுத்தார்.

“பாட்ட நிறுத்து. வேகம் ஏறுது.”

ஒரு மணி பத்து நிமிடம் சுற்றினார். இருபத்தைந்து வருடமாக அந்தக் குழுவின் விசிறி என்று சொல்லிக்கொண்டவர், அன்றைக்குத்தான் உண்மையிலேயே விசிறியானார். மின்சாரம் வந்தபோது அவர் உள்ளங்கை இரண்டும் கொப்பளித்திருந்தது. இரண்டு முள்ளும் ஐம்பத்துநாலுக்கே திரும்பியிருந்தன. டேப்காரர் வெப்பமானியைக் கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு அண்ணியைப் பார்த்தார். கோயிலில் நிற்பவர்களின் முகத்தில்தான் அந்த மாதிரிப் பார்வையை நான் பார்த்திருக்கிறேன்.

சூடேறியது போலவே மெல்ல ஆறவும் வேண்டுமாம். திங்கட்கிழமை மதியம் ரொட்டி வேலை முடிந்ததும் மூன்று பேரும் மாடிக்குப் போனோம். அண்ணி வர ஒப்புக்கொண்டதே எனக்கு ஆச்சரியம். “காஞ்சிருக்கான்னு பாத்துட்டு வந்துடறேன்” என்றுதான் கிளம்பினார். முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் கதவோரம் நின்றார்.

முதல் சுருளை மாட்டி டேப்காரர் பொத்தானை அழுத்தினார். நாடா தண்ணீர் போல வழுக்கி ஓடியது. கிறீச் இல்லை. அவர் மூச்சை விட்டார். பிறகு பாட்டு வந்தது.

எனக்கு இசை தெரியாது. தெரிந்த மட்டும் சொல்கிறேன். யாரோ வாசித்ததைத் திருப்பிப் போட்டது போல, ஒலி முடிவிலிருந்து தொடங்கி ஆரம்பத்தை நோக்கி வளர்ந்தது. கிதார் சுவரின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்கு நடந்து போயிற்று. ஒரே ஆளின் குரல் மூன்று பேராகப் பிரிந்து, ஒன்றுக்கொன்று கொஞ்சம் தாமதமாகப் பாடியது. எங்கள் காது தாங்காத அந்த இடிக்குரல்காரர்தானாம். இருபது வயதில் அவ்வளவு மென்மையாகப் பாடியிருக்கிறார். என் கணவர் தரையில் உட்கார்ந்து, கொப்பளித்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி கேட்டார்.

செவ்வாய்க்கிழமை வரை பிரதி எடுக்கும் வேலை நடந்தது. வேலை முடிந்த கையோடு அண்ணி மாடியேறிவிடுவார். காய்ந்ததா என்று பார்க்கத்தான் என்ற சாக்கை இரண்டாம் நாள் விட்டுவிட்டார். கடைசியில், பெயரில்லாத அந்தப் பதினாலாவது சுருள்.

முதலில் இரைச்சல் மட்டும் கேட்டது. “நான்தான் சொன்னேனே, வெத்து” என்றார் டேப்காரர்.

“மழை,” என்றார் அண்ணி.

மழைதான். தகரக் கூரையில் பெய்யும் மழை. யாரோ இருமினார்கள், ஒரு நாற்காலி இழுபட்டது. பிறகு ஆர்கனில் ஒரே ஒரு சுரம். அது நிற்கவில்லை. அதற்கு மேல் இன்னொன்று வந்து சேர்ந்தது, அப்புறம் இன்னொன்று. மழையும் அதற்குள்ளேயே இருந்தது, அவர்கள் அதையும் ஒரு வாத்தியமாக எடுத்துக்கொண்டது போல. ஏழாவது நிமிடம் டிரம்ஸ் வந்தபோது எனக்குத் தரை மெல்ல விலகுவது போல் இருந்தது. பத்தொன்பது நிமிடம். நாங்கள் நான்கு பேரும் அசையவில்லை. முடிந்ததும் மழை மட்டும் கொஞ்ச நேரம் பெய்து, நாடா படபடவென்று அறுந்த வால் போல் சுற்றியது.

டேப்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இப்படி ஒண்ணு இருக்கறதே யாருக்கும் தெரியாது. எந்தப் பட்டியல்லயும் இல்ல.”

அண்ணி ஈரமான குரலில் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். “பதினாலையும் காயவெச்சோம். அந்த மழை மட்டும் காயல, பாத்தீங்களா.”

அன்று கடைக்குத் திரும்பியவர் மாலைவரை யாருடனும் பேசவில்லை. கோபமா என்று கேட்டேன். “இல்லம்மா. காதுக்குள்ள இன்னும் ஓடிட்டிருக்கு. பேசினா நின்னுடும்.”

இரண்டு வாரம் கழித்து, யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். மதியம் அடுக்களையைக் கழுவி முடித்த பிறகு தம்பியைக் கூப்பிட்டு, “அந்தத் தகர டப்பாவப் போடு. எல்லாரும் கேக்கற மாதிரி போடு” என்றார். என் கணவர் அவசர அவசரமாக ஒலிபெருக்கியைக் கொண்டுவந்து மாட்டினார். அக்காவின் மனம் மாறுவதற்குள் ஆக வேண்டுமே. உலகம் முழுக்க வீடுதோறும் இருந்த, இடிக்குழுவின் மிகப் பெரிய இசைத்தொகுப்பு ஓடியது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு, ஆறும் ரொட்டிக்குக் காது கொடுப்பது போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார். மூன்று பாட்டு போயிற்று. நான்காவது பாதியில் கையை உயர்த்தினார்.

“நிறுத்து. இது அந்தப் பதினாலாவது சுருள்.”

என் கணவர் சிரித்துவிட்டார். “அக்கா, இது இந்தக் குழுவோட பெரிய பாட்டு. உலகமே கேட்டது. அது வேற, இது வேற.”

“அதே மாவுதான்டா. தண்ணியக் கொறைச்சு, அழுத்திப் பெசைஞ்சிருக்கானுங்க. அதான் கெட்டியா இருக்கு.”

அவருக்கு எரிச்சல். எனக்கு வேடிக்கை. டேப்காரரைக் கூப்பிட்டோம். அவரும் முதலில் நம்பவில்லை. கணினியில் மழைப் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டினார். பிறகு அந்தப் புகழ்பெற்ற பாட்டின் கிதாரை மட்டும் ஓட்டினார். பிறகு இரண்டையும் சேர்த்து. ஆர்கன் போட்ட ஏழு சுரமும் அதே வரிசையில், அதே இடத்தில் கிதாரில் விழுந்தன. டேப்காரர் தன் கையை எங்களிடம் நீட்டினார். ரோமம் எல்லாம் குத்திட்டு நின்றது. நாற்பது வருடமாக அந்தப் பாட்டைக் கேட்டு, எழுதி, ஆராய்ந்து, சண்டை போட்டவர்கள் எத்தனை ஆயிரம் பேர். அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்தவர், அதை வாழ்நாளில் முதல் தடவையாகக் காது கொடுத்துக் கேட்ட ஒரு ரொட்டிக்கடைக்காரி.

அதற்காக அண்ணி ஒன்றும் நெஞ்சை நிமிர்த்தவில்லை. “தெரியாம இருக்குமா? தட்டு மாறினா மாவு மாறிடுமா?” என்று சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுத்தார்.

தொகுப்பு அந்த வருடமே வெளிவந்தது. இரண்டு இசைத்தட்டுகள், இரண்டாவது தட்டின் பின்பக்கம் முழுக்க அந்த மழைப் பாட்டுதான். பெயர் இல்லாததால் பெயர் இல்லாமலே போட்டிருந்தார்கள். உள்ளே இருந்த சின்னப் புத்தகத்தில் நாடாக்கள் எப்படி மீண்டன என்று டேப்காரர் எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தில், ‘அதே மாவுதான், தண்ணீரைக் குறைத்திருக்கிறார்கள்’ என்ற வரி தனியாக இருந்தது. என் கணவர் அதைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டினார். அடுத்த நாள் அண்ணி அதைக் கழற்றிச் சமையல்கட்டு அலமாரிக்குள் வைத்துவிட்டார். அவர் எடுத்து எடுத்துப் படிப்பதை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன், பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு முற்பகலில், கடையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்த நேரம், வயதானவர் ஒருவர் வந்தார். தளர்ந்த கோட்டு, கையில் குடை. ரொட்டி கேட்கவில்லை. “நாடா காயவெச்சது இங்கதானே?” என்று கேட்டார்.

அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு வேடிக்கை பார்க்க அப்போது ஆட்கள் அடிக்கடி வருவார்கள். அப்படி ஒருவர் என்று நினைத்து அண்ணியைக் கூப்பிட்டேன். அண்ணி மாவுக்கையோடு வந்து அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“அந்த மழைப் பாட்டுல இருமினது நான்தாம்மா,” என்றார் பெரியவர்.

ஆர்கன்காரர். குழு கெட்டியான பாட்டுக்கு மாறியபோது விலகிப்போனவர். அதற்குப் பிறகு வாத்தியத்தைத் தொடவில்லையாம். முப்பத்தாறு வருடம் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டரைப் பார்த்து எழுதும் வேலை செய்து ஓய்வு பெற்றிருக்கிறார். தொகுப்பு அவர் வீட்டுக்கும் வந்திருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை என்றார்.

“ஏங்கய்யா?”

“அன்னிக்கு வாசிச்சப்ப, நாம ஏதோ பெருசா ஒண்ணத் தொட்டுட்டோம்னு நெனச்சேன். மத்தவங்க, இத யாரு கேப்பாங்கன்னு சொன்னாங்க. வாழ்க்க பூரா அந்த ஞாபகத்தோட இருந்துட்டேன். இப்பப் போட்டுக் கேட்டு, அது ஒண்ணுமில்லன்னு ஆயிட்டா? தனியா கேக்க தைரியம் வரல. கேட்டவங்க யாராவது பக்கத்துல இருந்தா கேக்கலாம்னு...”

அண்ணி கையைக் கழுவிக்கொண்டு வந்தார். அவரை உள்ளே அழைத்துப்போய், அலமாரி ஓரமாகத் தன் முக்காலியைப் போட்டு உட்காரவைத்தார். என் கணவர் தன் இசைத்தட்டுக் கருவியைக் கொண்டுவந்து வைத்து, தட்டைச் சுழலவிட்டு முள்ளை வைத்தார்.

கடையில் நின்றவர்களுக்கு நான் வாயில் விரலை வைத்துக் காட்டினேன். மழை தொடங்கியபோது இரண்டு பேர் வெளியே வெயிலைத் திரும்பிப் பார்த்தார்கள். இருமல் வந்தது. நாற்காலி இழுபட்டது. ஆர்கனின் முதல் சுரம் வந்ததும் பெரியவரின் வலது கைச் சுண்டுவிரல் முழங்கால் மேல் ஒரு தடவை அழுந்தியது. பிறகு ஒவ்வொரு விரலாக. நாற்பத்தெட்டு வருடமாக எதையும் தொடாத விரல்கள் ஒரு சுரம்கூடப் பிசகாமல் அவர் காற்சட்டைத் துணியின் மேல் வாசித்துக்கொண்டு போயின. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. ரொட்டியைக் கையில் பிடித்தபடி நின்றவர்கள் ஒருவரும் போகவில்லை. மேலும் நாலு பேர் வந்து சேர்ந்தார்கள். 

முள் ஓய்ந்தது. பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது.

“எப்படிம்மா இருக்கு?” என்று அண்ணியிடம் கேட்டார். பரீட்சை எழுதிவிட்டு நிற்கும் குழந்தை கேட்பது போல.

“நீங்க நெனச்சதவிடப் பெருசுங்கய்யா,” என்றார் அண்ணி. “நான் எம்பதுவாட்டி கேட்டுட்டேன். இன்னும் அதோட அடி எங்க இருக்குன்னு தெரியல.”

பெரியவர் தலையாட்டினார்.  பிறகு, தயங்கியபடி, இன்னொரு தடவை போடலாமா என்று கேட்டார். அண்ணி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் போய்க் கடைக் கதவைச் சாத்தினேன். உள்ளே நின்றவர்களை வெளியே போகச் சொல்லத் தோன்றவில்லை. அவர்களும் போகிறவர்களாகத் தெரியவில்லை. ஒரு அம்மா மாவுச்சாக்கின் மேல் உட்கார்ந்து இன்னொருவருக்கு இடம் விட்டார். என் கணவர் முள்ளைத் தூக்கி மறுபடி ஓரத்தில் வைத்தார்.